ராத்திரி வேர்வையும் டாக்டர் சுகிர்தமும்

போன மாதம் எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நடுவயதுப் பெண்களுக்கென்று தனிப் பிரிவு திறந்தார்கள். அங்கே தலைமை நர்சாக இருப்பவள் ஒரு காலத்தில் என்னிடம் ஊசி போடப் பழகியவள். அந்தப் பாசத்தில் என்னையும் மேடையேற்றிவிட்டாள். எனக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதி, சால்வை போர்த்துவதிலும் போர்த்தியதைப் போட்டோ எடுப்பதிலும் போயிற்று. மீதிப் பாதி, மைக் வேலை செய்கிறதா என்று பார்ப்பதில் போயிற்று.

எனக்குப் பிறகு ஒரு இளம் டாக்டர் திரையில் படம் காட்டிப் பேசினார். நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களுக்கு ராத்திரியில் வேர்வையும் குளிரும் வருவதற்கான காரணங்கள் வரிசையாக வந்தன. மாதவிலக்கு நிற்கிற காலம், தைராய்டு, காசநோய், மலேரியா, சர்க்கரை குறைவது, சில மாத்திரைகள், சில புற்றுநோய்கள். நல்ல பேச்சுதான். ஆனால் முன்வரிசைப் பெண்கள் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு தடவை பயந்ததை நான் பார்த்தேன். காப்பி கொடுத்தபோது எல்லோரும் அத்தனை நோயும் தங்களுக்கு இருக்கிற முகத்தோடுதான் குடித்தார்கள்.

வெளியே வந்ததும் சின்ன நர்சுகள் சூழ்ந்துகொண்டார்கள். "சிஸ்டர், அந்தக் காலத்துல ஸ்கேன் எல்லாம் கிடையாதே, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கேட்டுத்தான்" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாசரேத் பக்கம் பிறந்தவள் நான். பாளையங்கோட்டையில் நர்சுப் படிப்பு. மூன்று வருடத்தில் அங்கே நான் உருப்படியாகக் கற்றது, படுக்கை விரிப்பின் மூலையைச் சுருக்கமில்லாமல் மடிப்பதும், பெரிய நர்சு வரும்போது சுவரோடு சுவராக நிற்பதும். மற்றதையெல்லாம் கோவில்பட்டியில்தான் படித்தேன். ஐம்பதுகளின் கடைசியில் அங்கே ஒரு சின்னப் பெண்கள் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். இருபது கட்டில், ஒரு பிரசவ அறை, வாரத்தில் பாதி நாள் ஓடுகிற ஒரு மின்விசிறி. மில்லில் வேலை பார்க்கிறவர்கள், தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள், கரிசல் காட்டில் பருத்தியும் கம்பும் போடுகிற வீட்டுப் பெண்கள் என்று எல்லாரும் வருவார்கள்.

எல்லாருக்கும் சேர்த்து ஒரே டாக்டர். டாக்டர் சுகிர்தம். கல்யாணம் செய்துகொள்ளாதவர். குட்டை, நல்ல கனம், குரல் மட்டும் பட்டாளத்துக்காரர் குரல். மூக்குப்பொடி போடுவார். ஒளித்து மறைத்தெல்லாம் இல்லை, பிஷப் ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்தபோதும் அவர் முன்னாலேயே போட்டார். பிஷப் தும்மினார். "பாருங்க, பொடி போட்டது நான், தும்முறது அவரு" என்று டாக்டர் எங்களைப் பார்த்துச் சொன்னார். நாங்கள் சிரிக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தோம்.

அவருக்கு ஆகவே ஆகாத ஒரு வார்த்தை உண்டு. 'வயசுக் கோளாறு'. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஒரு பெண் எந்த டாக்டரிடம் போய் என்ன சொன்னாலும் இந்த ஒரு பதிலைக் கொடுத்து அனுப்புகிற வழக்கம் அப்போது இருந்தது. இப்போதும் பெரிதாக மாறிவிடவில்லை. யாராவது அந்த வார்த்தையோடு வந்தால் டாக்டர் சுகிர்தம் பொடி டப்பாவை மேஜையில் ஓங்கி வைப்பார்.

"வயசு எல்லாத்துக்கும்தான் ஆகுது. எல்லாம் பார்த்துட்டு நான் வயசுன்னு சொன்னா அது வைத்தியம். பார்க்காமலே அவன் சொன்னா அது சோம்பேறித்தனம். நீ உட்காரு."

பிறகு கேள்விகள் தொடங்கும். கேள்வி என்றால் சாதாரணக் கேள்வி இல்லை. அந்தக் காலத்தில் டாக்டர்கள் பெண்களிடம் கேட்கக் கூச்சப்பட்டதை எல்லாம் அவர் கத்திரிக்காய் விலை கேட்பதுபோலக் கேட்பார்.

"முதல்ல குளிரா, முதல்ல வேர்வையா? எங்கன தொடங்குது, நெஞ்சுலயா, முதுகுலயா? நெஞ்சுல இருந்து மூஞ்சிக்குச் சூடு குப்புன்னு ஏறுதா? முந்தானையால தொடைக்கிற அளவுக்கா, சேலை மாத்துற அளவுக்கா? பகல்ல சும்மா இருக்கும்போதும் வருதா? தீட்டு ஒழுங்கா வருதா, தள்ளித் தள்ளி வருதா? பழைய ஜாக்கெட்டைப் பிடிச்சுத் தச்சியா?"

கடைசிக் கேள்வி எடை பற்றியது. எங்களிடம் எடை மிஷின் இருந்தது. ஆனால் போன வருடம் எத்தனை ராத்தல் இருந்தாய் என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? ஜாக்கெட் தொளதொளத்துப் போனது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

திடீரென்று சூடு ஏறி, கொஞ்ச நேரம் வேர்த்து, அது ஆறும்போது லேசாகக் குளிர்ந்து, காய்ச்சல் இல்லாமல், எடை குறையாமல், தீட்டும் முன்னே பின்னே போனால் அது மாதவிலக்கு நிற்கிற காலம். பல் கிட்டுகிற குளிர் முதலில் வந்து, அப்புறம் காய்ச்சல் ஏறி, அப்புறம் வேர்த்துக் கொட்டினால், நடுங்கிக்கொண்டிருக்கும்போதே விரல் நுனியைக் குத்தி மலேரியாவுக்கு ரத்தம் எடுக்க வேண்டும். நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போனால், கையை நீட்டச் சொல்லி விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைப்பார். தீப்பெட்டி ஆபீஸ் பெண் ஒருத்திக்கு அந்தக் காகிதம் காற்றில்லாமலே படபடவென்று ஆடிற்று. கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் தைராய்டு என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

இன்னொருத்திக்கு எதைப் பார்த்தாலும் சரியாக இருந்தது. கடைசியில் எங்கே படுக்கிறாள் என்று கேட்டார். ஜன்னல் இல்லாத அறை, தகரக் கூரை, பாதி அறைக்குப் பருத்திப் பொதி, மீதியில் இவளும் நாலு பேரப்பிள்ளைகளும். "இதுக்கு மருந்து வேண்டாம், கொத்தனார் போதும்" என்று சொல்லி, மருந்துச் சீட்டில் 'ஒரு ஜன்னல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் புருஷன் அதை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனதாகக் கேள்வி.

இப்படிப்பட்ட டாக்டரையே சுற்றலில் விட்டவள் வெங்கடம்மாள்.

எப்போதும்வென்றான் என்கிற ஊரிலிருந்து வந்தாள். வயது நாற்பத்தேழு. புருஷன் சீனிவாச நாயக்கருக்கு நிறையக் கரிசல் நிலம், மழை பெய்தால் பணக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். கூட வந்த மகள் ரங்கநாயகிக்கு அப்போதுதான் கயத்தாறில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். பல மாதமாக வெங்கடம்மாளுக்கு ராத்திரி குளிர், காய்ச்சல், விரிப்பைப் பிழிகிற மாதிரி வேர்வை. கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், திரும்ப வரும். இதற்குள் அவள் பார்த்த மூன்று டாக்டர்களும் வயசுக் கோளாறு என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

டாக்டர் பொடி டப்பாவை ஓங்கி வைத்தார். "ஜாக்கெட்டைப் பிடிச்சுத் தச்சியா?"

"ரெண்டு மட்டம் தச்சாச்சும்மா. இனிமே தைக்கத் துணி இல்ல" என்றாள் வெங்கடம்மாள்.

கட்டில் கொடுத்தோம். நாலு மணிக்கு ஒரு தடவை காய்ச்சல் பார்த்துக் குறித்தோம். மலேரியா இல்லை, டைபாய்டு இல்லை. காய்ச்சல் கோடு மட்டும் சாயங்காலமானால் ஏறி விடிந்தால் இறங்கியது. குளிர் வந்தபோது அவள் கட்டிலே கிடுகிடுவென்று ஆட, "சலி, சலி" என்று முனகினாள். நான் சளி என்று எண்ணி, துப்புவதற்குப் பாத்திரத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். துப்பவில்லை. போர்வை, போர்வை என்று கையைக் காட்டினாள். காலையில் டாக்டர் கேட்டபோது, "சளிங்கா, ஆனா துப்ப மாட்டேங்கா" என்றேன். மாமியார் இருக்கிற வீட்டுப் பெண்கள் சளியைத் துப்பாமல் விழுங்கிப் பழகியிருப்பார்கள் என்பது எங்கள் அனுபவம். அதனால் விடியற்காலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியாக ரப்பர் குழாயை விட்டு, வயிற்றிலிருந்து நீரை எடுத்துக் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்த்தோம். அந்த வேலை செய்கிறவளுக்கும் சுகமில்லை, செய்துகொள்கிறவளுக்கும் சுகமில்லை. ரங்கநாயகி வந்து விஷயத்தைக் கேட்டதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"எக்கா, சலின்னா எங்க பாசையில குளிரு. எங்கம்மா குளிருதுன்னுல்லா சொல்லியிருக்கா."

கிருமி ஒன்றும் தென்படவில்லை. ஆனால் எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் மேலே ஒரு மங்கலான நிழல். டாக்டர் படத்தை ஜன்னலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். மெலிந்த பெண், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வேர்வை, ஒரு நிழல். அந்த வருடங்களில் இதற்கு எல்லா டாக்டர்களும் என்ன சொல்வார்களோ அதையேதான் அவரும் சொன்னார். "டி.பி.யாத்தான் இருக்கணும்." தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, கூட மாத்திரை. கட்டிலை வராந்தா ஓரத்துக்கு மாற்றினோம்.

அங்கேதான் வினை. எங்கள் வராந்தா ஓரத்துக் கட்டில் என்றால் இன்ன நோய் என்று கோவில்பட்டி முழுக்கத் தெரியும். வெங்கடம்மாள் அங்கே போன மறுநாளே யாரோ ஒரு உறவுக்காரி பிரசவம் பார்க்க வந்தவள் பார்த்துவிட்டாள். மிச்சத்தைப் பஸ்காரர்கள் செய்தார்கள். நாயக்கர் அதுவரை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர், இப்போது ஜன்னலுக்கு வெளியே நின்று பேசினார். வீட்டிலிருந்து தட்டும் டம்ளரும் தனியாக வந்தன.

வெங்கடம்மாள் ஒரு நாள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஊசி வேண்டாம். நான் வீட்டுக்குப் போறேன். வயசுக் கோளாறுன்னு ஒரு வார்த்தை எங்க வீட்டு ஆளுகிட்ட சொல்லிருங்க. கலியாணம் முடியட்டும். அப்புறமா வந்து எத்தனை ஊசி வேணும்னாலும் போட்டுக்கிடுதேன்."

"அதுக்குள்ள செத்துப்போனா?"

"செத்தா கலியாணம் ஒரு வருசம்தான் தள்ளிப்போகும். டி.பி.ன்னா நடக்கவே நடக்காது."

டாக்டர் சுகிர்தம் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "ஊசியைப் போடு ரூபி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரமே கயத்தாறிலிருந்து ஆள் வந்தது. மாப்பிள்ளைக்கு ஜாதகத்தில் ஏதோ சரியில்லையாம், வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டுமாம். பேசி முடிக்கும்போது சரியாக இருந்த ஜாதகம்தான். வெங்கடம்மாள் அழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். ரங்கநாயகி அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "நல்லதாப் போச்சு. அந்த ஊருல ஒரே லாரிப் புகை" என்றாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும்.

ஊசி போடப் போடக் காய்ச்சல் இறங்கியது. வேர்வை குறைந்தது. டாக்டர் தன் கணிப்பு சரிதான் என்று ஒரு சிட்டிகை பொடியை அதிகமாகவே போட்டார். வீட்டுக்கு அனுப்பி, ஊசிக்கு மட்டும் வந்துபோகச் சொன்னோம். ஆனால் சில வாரங்களிலேயே எல்லாம் திரும்பிவிட்டது. கூடவே இடுப்பு வலி, மூட்டு வலி. புது எக்ஸ்ரேயில் அந்த நிழல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எப்போதோ ஆறிய பழைய தழும்பாகத்தான் இருக்க வேண்டும். விலாவுக்குக் கீழே அழுத்தினால் மண்ணீரல் கையில் தட்டுப்பட்டது.

"இந்த மருந்து பாதி கேக்குது, பாதி கேக்கல. அப்ப நான் பாதிதான் சரி" என்று டாக்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வீட்டில் வேறு யாருக்கும் இருமல், காய்ச்சல் உண்டா என்று பார்ப்பதற்காக ஒரு நாள் எப்போதும்வென்றானுக்குக் கிளம்பினோம். டாக்டரிடம் ஒரு பழைய கார் இருந்தது. அவர் ஓட்டினால் எதிரே வருகிற மாட்டு வண்டி தானாகவே காட்டுக்குள் இறங்கிவிடும். முதல் நாள் மழை பெய்திருந்தது. கரிசல் மண் மழையில் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு அடி எடுத்து வைத்தால் ஒரு சேர் மண் காலோடு வரும். ஊருக்கு வெளியே கார் புதைந்தது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, இருவரும் யானைக்கால் வந்தவர்கள்போல நடந்து நாயக்கர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வீட்டில் ஒருவருக்கும் இருமல் இல்லை. மாமியாருக்குக்கூட இல்லை, அந்தம்மாள் என்னைவிடத் திடமாக இருந்தாள். வெங்கடம்மாள் எங்களுக்காக அடுப்பைப் பற்ற வைத்தாள். தொழுவத்திலிருந்து ஒரு சொம்பில் பாலைக் கறந்து கொண்டுவந்து, காய்ச்சுவதற்கு முன்னால் ஒரு டம்ளரில் ஊற்றித் தான் குடித்தாள்.

"என்னத்துக்குப் பச்சையாக் குடிக்கிற?" என்றார் டாக்டர்.

"ஆட்டுப்பாலும்மா. சூட்டைத் தணிக்கும்னாவ. காய்ச்சல் வந்ததுல இருந்து கூடுதலாவே குடிக்கேன்."

டாக்டர் எழுந்து தொழுவத்துக்குப் போனார். காது நீண்ட, உயரமான கொடி ஆடுகள் இருபதுக்கு மேல் நின்றன. குட்டிகள் மட்டும் ஒன்றிரண்டுதான்.

"குட்டி எல்லாம் எங்க?"

நாயக்கர்தான் பதில் சொன்னார். "அதை ஏன் கேக்கீங்க. ரெண்டு வருசமா சினை தங்க மாட்டேங்குது. பாதியிலேயே விழுந்துருது. குட்டி சிக்கிச்சுன்னா இவதான் கையை விட்டு எடுப்பா. இந்த ஊருலயே இவளுக்குத்தான் அந்தக் கைவாக்கு."

டாக்டர் மண் ஒட்டிய காலோடு அப்படியே நின்றார். ஆடுகளைப் பார்த்தார். வெங்கடம்மாளைப் பார்த்தார். பிறகு தன் நெற்றியில் படீரென்று அடித்துக்கொண்டார். நாயக்கர் பயந்து ஒரு அடி பின்னால் போனார்.

"ரூபி, புஸ்தகத்துல படிச்சிருக்கேன். பரீட்சையில எழுதிக்கூட இருக்கேன். மார்க்கும் வாங்கினேன். கண்ணு முன்னால வந்து உட்கார்ந்தப்ப தெரியலையே எனக்கு!"

அன்றே வெங்கடம்மாளின் ரத்தத்தை எடுத்து, மதராசுக்குச் சோதனைக்கு அனுப்பினோம். புரூசெல்லா என்ற கிருமி இருப்பதாகப் பதில் வந்தது. ஆடு மாடுகளுக்குச் சினை கலைவது அதனால்தான். பச்சைப்பால் மூலமாகவும், விழுந்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுப்பதாலும் மனிதருக்கு வரும். விட்டுவிட்டுக் காய்ச்சல், குளிர், வேர்வை, மூட்டு வலி. ஸ்ட்ரெப்டோமைசின் அதற்கும் கொஞ்சம் கேட்கும். அதனால்தான் முதலில் குணமாவதுபோலக் காட்டி டாக்டரை ஏமாற்றியிருக்கிறது.

டாக்டர் சுகிர்தம் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்தார். திரும்ப வந்து வராந்தா ஓரத்திலேயே படுத்திருந்த வெங்கடம்மாளின் கட்டில் முன்னால் நின்று, இருபது கட்டிலுக்கும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இந்தம்மாவுக்கு டி.பி.ன்னு சொன்னது நான். அது தப்பு. இவளுக்கு டி.பி. கிடையாது. இது ஆட்டுல இருந்து வந்த காய்ச்சல். டெட்ராசைக்ளின் கூடச் சேர்த்துக் குடுத்தா குணமாயிரும். வராந்தாவுக்குத் தள்ளினதும் நான்தான், உள்ள கூட்டிட்டு வாறதும் நான்தான்."

சொல்லிவிட்டுக் கட்டிலின் ஒரு முனையைத் தானே பிடித்தார். மறுமுனையை நான் பிடித்தேன். நோயாளியோடு சேர்த்துக் கட்டிலை உள்ளே கொண்டுவந்தோம். கனமான வேலை, நிலைப்படியில் ஒரு தடவை இடித்தோம். வெங்கடம்மாள் இரண்டு பக்கமும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்ததைப் பார்த்தால் சாமி ஊர்வலம் போலவே இருந்தது.

ஆனால் டாக்டருக்கு அத்தோடு ஆறவில்லை. "கயத்தாறுக்குப் போகணும். நான் சொன்ன வார்த்தையாலதான கலியாணம் நின்னுச்சு" என்றார். என்னையும் காரில் ஏற்றினார். எனக்குக் கல்யாணம் முக்கியமாகப் படவில்லை, உயிரோடு போய்ச் சேர்வதுதான் முக்கியமாகப் பட்டது.

மாப்பிள்ளையின் அப்பா ரெங்கசாமி, கயத்தாறில் மூன்று லாரி வைத்திருந்தவர். நாற்காலி போட்டார், கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். டாக்டர் விஷயத்தைச் சொன்னார். ரெங்கசாமி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப டி.பி. இல்லங்கீங்க."

"இல்லவே இல்ல."

"பின்ன என்ன நோய்?"

"ஆட்டுக்கு வாற நோய்."

ரெங்கசாமியின் முகம் மாறியது. "ஆட்டுக்கு வாறதா? எம்மா, டி.பி.ன்னாலும் மனுசனுக்கு வாறது. நாலு பேருகிட்டச் சொல்லலாம். எங்க சம்பந்தியம்மாவுக்கு ஆட்டு நோயின்னு நான் லாரி ஆபீஸ்ல எப்படிச் சொல்லுவேன்?"

டாக்டர் பல விதமாகச் சொல்லிப் பார்த்தார். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது என்றார். பரம்பரைக்கு வராது என்றார். அவர் வாயிலிருந்து ஒவ்வொரு வார்த்தை வரும்போதும் காரியம் இன்னும் கெட்டுக்கொண்டே போயிற்று. கடைசியில், "உங்க லாரிக்கு ரிப்பேர் வந்தா ஓட்டுறவன் கல்யாணத்தையா நிறுத்துவீங்க?" என்று கத்திவிட்டார். ரெங்கசாமி எழுந்து நின்று கையைக் கூப்பினார். போய் வாருங்கள் என்று அர்த்தம்.

வாசலில் செருப்பைப் போடும்போது உள்ளிருந்து ஒரு பெண் வந்தார். ரெங்கசாமியின் மனைவி ஆண்டாளம்மாள். அதுவரை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர். "டாக்டரம்மா, அடுக்களை வரைக்கும் ஒரு நிமிசம் வாரீங்களா? குங்குமம் தாரேன்" என்றார். டாக்டர் சிலுவைச் சங்கிலி போட்டவர், நானும் அப்படித்தான். இது குங்குமத்துக்குக் கூப்பிடுகிற கூப்பாடு இல்லை என்று இருவருக்குமே தெரிந்தது.

அடுக்களைக்குள் போனதும் ஆண்டாளம்மாள் கதவைச் சாத்தினார். "எனக்கும் அதேதாம்மா. ஒரு வருசமா" என்றார். அவ்வளவுதான், அழுகை வந்துவிட்டது. ராத்திரி வேர்த்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறாராம். நனைந்த சேலையை யாரும் பார்க்காமல் தொழுவத்தில் காயப்போடுகிறாராம். டி.பி. என்று அவரே முடிவு கட்டியிருந்தார். வெங்கடம்மாளுக்கும் டி.பி. என்று கேள்விப்பட்டதும் பயம் கூடிவிட்டது. வருகிற மருமகள் இரண்டு பக்கமும் டி.பி.க்காரிகளைப் பார்க்க வேண்டுமா என்று இவர்தான் கல்யாணத்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். புருஷனிடம் காரணம் சொன்னது மட்டும் வெங்கடம்மாளின் பெயரில்.

டாக்டர் ஒரு அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பலகையில் உட்கார்ந்தார். "அழுறதை நிறுத்து. முதல்ல குளிரா, முதல்ல வேர்வையா?"

முதலில் சூடு. நெஞ்சிலிருந்து முகத்துக்கு ஏறும். அடுப்படியிலும் வரும், கோவிலில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் வரும். கொஞ்ச நேரத்தில் போய்விடும், போன பிறகு லேசாகக் குளிரும். தீட்டு மூன்று மாதமாக வரவில்லை. பைக்குள்ளிருந்த தெர்மாமீட்டரை நான் அவர் வாயில் வைத்தேன். காய்ச்சல் இல்லை. நீட்டிய விரல்களில் வைத்த காகிதம் அசையவில்லை.

"ஜாக்கெட்டைப் பிடிச்சுத் தச்சியா?"

ஆண்டாளம்மாள் அழுகைக்கு நடுவே வெட்கப்பட்டார். "இல்லம்மா. பிரிச்சுல்லா விட்டிருக்கேன்."

டாக்டர் சிரித்த சிரிப்பில் அடுக்குப் பானைகள் அதிர்ந்தன. "ஆஸ்பத்திரிக்கு வா. ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன். ஆனா நீ பயப்படுத நோய் இல்லைன்னு இப்பவே எனக்குத் தோணுது."

அடுத்த வாரம் ஆண்டாளம்மாள் பல் வலி என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கோவில்பட்டிக்கு வந்தார். எல்லாம் பார்த்தோம். ஒன்றும் இல்லை. "இப்ப சொல்லுதேன். இது வயசுதான்" என்றார் டாக்டர். ஒரு நோயாளியிடம் அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அதைக் கேட்டு ஒரு பெண் அவ்வளவு சந்தோஷப்பட்டதைப் பார்த்ததும் அன்றுதான். மெல்லிய நூல் சேலை கட்டு, பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வை, ராத்திரிக் காப்பியை விடு, அதுவாக அடங்கும் என்று சொல்லி அனுப்பினார்.

போகிற வழியில் ஆண்டாளம்மாள் வார்டுக்குள் எட்டிப் பார்த்தார். வெங்கடம்மாள் கட்டிலில் உட்கார்ந்து பருத்திப் பஞ்சு திரித்துக்கொண்டிருந்தாள், எங்கள் ஆஸ்பத்திரியில் சும்மா இருக்கிறவர்களுக்கெல்லாம் அந்த வேலைதான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஊசித் தட்டோடு நடுவில் நான். தட்டைக் கீழே வைத்துவிடுவதா, ஓடிவிடுவதா என்று யோசித்தேன்.

ஆண்டாளம்மாள்தான் மதினி முறை சொல்லி முதலில் பேசினார். "மயினி, உங்களுக்குச் சேலை மாத்துத அளவுக்கா வேர்த்துச்சு?"

வெங்கடம்மாள் நிதானமாக, "விரிப்பையே மாத்துனோம்" என்றாள்.

"எனக்குச் சேலை மட்டுந்தான்."

"உங்களுக்கும் வேர்க்குதா?"

"ஒரு வருசமா." ஆண்டாளம்மாள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "உங்க மேல பழியைப் போட்டு நான்தான் கலியாணத்தை நிறுத்தினேன் மயினி. பயத்துல. என்னை வையணும்னா வஞ்சிருங்க."

வெங்கடம்மாள் வைதாள். தெலுங்கில் வைதாள், அதனால் எனக்கு ஒன்றும் புரியவில்லை, நீளமாக இருந்தது என்று மட்டும் தெரியும். ஆண்டாளம்மாளும் தெலுங்குக்காரிதான், எல்லாம் புரிந்துகொண்டு தலையைக் குனிந்து கேட்டார். வைது முடித்ததும் வெங்கடம்மாள் ஒரு கை பஞ்சை எடுத்து அவரிடம் கொடுத்தாள். "சும்மா உட்காராதீங்க. திரிங்க." பஞ்சு தீரும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். எழுந்தபோது முகூர்த்த மாதம் முடிவாகியிருந்தது.

ரெங்கசாமியை எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: சில நாளில் ரெங்கசாமியும் நாயக்கரும் பெரிய மனுசர்கள் நாலு பேரை வைத்துப் பேசி, விட்டுக்கொடுத்து, பெருந்தன்மையாகக் கல்யாணத்தைத் திரும்ப முடிவு செய்தார்கள். இரண்டு பெண்களும் ஒன்றும் தெரியாதவர்கள்போலத் தலையாட்டினார்கள். ரங்கநாயகியிடம் கயத்தாறு லாரிப் புகை என்ன ஆச்சு என்று கேட்டேன். "மூக்கைப் பொத்திக்கிடுதேங்க்கா" என்றாள்.

வெங்கடம்மாள் முழுக்கக் குணமாக இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. பாலைக் காய்ச்சாமல் குடிப்பதில்லை என்று டாக்டரின் பொடி டப்பா மேல் சத்தியம் செய்தாள். கன்று, குட்டி போடுகிறபோது கையை விடுவதில்லை என்றும் சொன்னாள், அதை எவ்வளவு காப்பாற்றினாளோ.

கல்யாணம் கயத்தாறில் நடந்தது. நானும் டாக்டரும் போயிருந்தோம். தாலி கட்டி முடிந்து சம்பந்தியம்மாக்கள் இருவரையும் மணமக்கள் பக்கத்தில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு நேரமாக்கினார். ஆண்டாளம்மாளுக்கு அப்போது பார்த்து வந்துவிட்டது. பட்டுச் சேலை, நகை, கூட்டம். நெஞ்சு சிவந்து, முகம் சிவந்து, நெற்றியிலிருந்து வேர்வை கண் வழியாகக் கன்னத்தில் வழிந்தது. வெங்கடம்மாள் தன் முந்தானையை எடுத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

பக்கத்திலிருந்த பெண்கள் உருகிப் போனார்கள். "பாருங்க, என்ன பாசம். மாப்பிள்ளையோட அம்மா அழுதாவ, பொண்ணோட அம்மா தொடைக்காவ" என்று ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

ஆண்டாளம்மாள் வாயை அசைக்காமல், "மயினி, அழுகைன்னே இருக்கட்டும், சொல்லிராதீங்க" என்றார். வெங்கடம்மாளுக்கு அடக்க முடியவில்லை. அவள் வாய்விட்டுச் சிரிக்க, ஆண்டாளம்மாளும் சிரிக்க, போட்டோக்காரர் துணியிலிருந்து தலையை வெளியே எடுத்து, அசையக் கூடாது அம்மா, அசையக் கூடாது என்று கத்த, என் பக்கத்தில் டாக்டர் சுகிர்தம் அட்சதை பிடித்த கையாலேயே பொடி டப்பாவைத் திறந்தார்.